மத்தியானம் பேசிய கதவு

நிகழ்ச்சி நேரத்தில் கைப்பேசியைத் தொடுவதில்லை என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அதை மீறினேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேசைமேல் கைப்பேசி நான்காவது முறையாக அதிர்ந்தது. தேக்கா சந்தையில் நாங்கள் வழக்கமாகக் காய்கறி வாங்கும் அண்ணன்.

"தங்கச்சி, உங்கம்மா பஸ் ஸ்டாப்புல உக்காந்திருக்காங்க. கம்பெனி பஸ் இன்னும் வரலையாம்."

மணி 6:20. அம்மா கம்பெனி வேலையை விட்டு இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகிறது.

பாட்டு முடிய இரண்டு நிமிடம் இருந்தது. பொங்கோலில் இருக்கும் என் அண்ணனை எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். பிறகு ஒலிவாங்கியைத் திறந்து, "வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் நேயர்களே" என்று சிரித்த குரலில் பேசினேன். அன்றைக்குப் பேசியதில் ஒரு வரிகூட நினைவில்லை.

நாங்கள் இருப்பது பஃபலோ ரோட்டில் ஒரு வீவக வீடு. அப்பா இறந்து ஆறு ஆண்டாகிறது. நானும் அம்மாவும்தான். காலை நிகழ்ச்சிக்காக நான் 4:30 மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவேன். எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டு மாக்சிக் வந்து அம்மாவோடு உட்கார்ந்துகொள்வார். இடையில் இருக்கும் அந்த மூன்றரை மணி நேரம்தான் சிக்கல். முதுமைமறதியின் தொடக்க நிலை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பணிப்பெண் வைக்கலாம் என்று பேச்செடுத்ததற்கு அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வெளியே பூட்டிவிட்டுப் போகச் சொன்னார்கள் சிலர். தீப்பிடித்தால்?

கதவு திறந்தால் அலறும் கருவி ஒன்றைக் கடையில் வாங்கி மாட்டினோம். அது அலறியதும் அம்மா பயந்துபோய் இன்னும் வேகமாக வெளியே ஓடினார். அதை அன்றே கழற்றிவிட்டேன். அப்போதுதான் தோன்றியது: மணிச்சத்தத்துக்குப் பதிலாக என் குரல் பேசினால்? குரல்தானே என் தொழில். "அம்மா, இன்னிக்கு கம்பெனி லீவு. நான் மத்தியானம் சாப்பாடு வாங்கிட்டு வர்றேன். உள்ள வந்து ரேடியோவப் போடுங்க." விடியற்காலை 5 மணியிலிருந்து 11 மணிக்குள் கதவு திறந்தால் மட்டும் இது ஒலிக்க வேண்டும். உள்ளே வந்து வானொலியைப் போட்டால் அதிலும் நான்தான் இருப்பேன். கம்பெனி லீவு என்பது பொய்தான். அதைப் பற்றி மருத்துவரிடமும் அண்ணனிடமும் நிறையப் பேசியாகிவிட்டது.

நான் படித்தது ஊடகவியல். ஆனால் அண்ணன் மகன் தொடக்கப்பள்ளியில் 'கோட் ஃபார் ஃபன்' வகுப்பிலிருந்து மைக்ரோபிட் என்ற சின்னப் பலகையைப் பற்றிச் சொல்லிச் சொல்லி எனக்கும் ஆசையை மூட்டியிருந்தான். 25 சிவப்புப் புள்ளி விளக்குகள் கொண்ட பலகை அது. கணினியில் செருகினால் பென்டிரைவ் மாதிரி தெரியும். எழுதிய நிரலை அதில் இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. "ஈசி, அத்தை" என்றான். அவனை நம்பித்தான் இறங்கினேன்.

கடிகாரம், ஒலி, கதவில் ஒட்டும் காந்த சுவிட்ச் எல்லாம் சேர்ந்ததும் கொஞ்சம் பெரிய பலகை தேவைப்பட்டது. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஜாலான் புசார் முனையில் சிம் லிம் டவர். கணினி வாங்கப் போகும் சிம் லிம் ஸ்குவேர் வேறு, இது வேறு. இங்கே மின்தடையும் கம்பியும் சில்லும் சில்லறையாகக் கிடைக்கும். சின்ன வயதில் அப்பா என்னை இந்தப் பக்கம் அழைத்து வந்ததெல்லாம் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தைக்காக. 2017 ஜூலையில் அது மூடப்பட்டது. சிம் லிம் டவரில் ஒரு சீன அங்கிளின் கடையில் நியூக்ளியோ என்ற பலகையை வாங்கினேன். எஸ்டிஎம்32 சில்லு, அதைச் சோதிக்கும் கருவியும் பலகையிலேயே சேர்ந்தது.

இப்படிக் கணினியாகத் தெரியாத பொருள்களுக்குள் இருக்கும் கணினிக்கு நிரல் எழுதுவதை 'எம்பெடெட்' என்கிறார்கள். மின்தூக்கிக்குள் ஒன்று இருக்கிறது. சலவை இயந்திரத்துக்குள் ஒன்று. நாம் பையில் வைத்துக்கொண்டு அலைந்த டிரேஸ்டுகெதர் கருவியும் அந்த இனம்தான். இவற்றில் திரை இல்லை. தப்பு நடந்தால் தப்பு என்று சொல்ல வாயும் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க, இன்னொரு கணினியிலிருந்து இரண்டு மெல்லிய கம்பி வழியாக அதை நிறுத்தி விசாரிக்க வேண்டும். அந்த விசாரணைக் கருவிதான் டீபக்கர். 2015ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விஎஸ் கோட் என்ற எடிட்டருக்குள்ளேயே இதைச் செய்யலாம். நிரலில் ஒரு வரியின் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வைத்தால், சில்லு அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிடும். அப்போது எந்தப் பெட்டியில் என்ன எண் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

செய்முறைப் படங்களில் எல்லாம் அப்படித்தான் நடக்கிறது. என் வீட்டில் மூன்று வாரம் எதுவுமே நடக்கவில்லை. விசாரணை அதிகாரியே வேலைக்கு வரவில்லை.

எடிட்டருக்கும் சில்லுக்கும் நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போனதுதான் காரணம். எடிட்டர் தானாகச் சில்லோடு பேசுவதில்லை. கார்ட்டெக்ஸ்-டீபக் என்ற நீட்சியிடம் சொல்கிறது. அது ஜிடிபி என்ற நிரலிடம் சொல்கிறது. ஜிடிபியை 1986ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதினார். எனக்கும் மூத்தது. ஜிடிபி, ஓப்பன்ஓசிடியிடம் சொல்கிறது. அது 2005ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் டொமினிக் ராத் என்ற மாணவர் தன் பட்ட ஆய்வுக்காகத் தொடங்கியது. அது யுஎஸ்பி கம்பி வழியாகப் பலகையில் உள்ள சோதனைக் கருவியிடம் சொல்ல, அந்தக் கருவி கடைசியில் சில்லிடம் சொல்கிறது. இத்தனை பேரில் ஒருவர் வராவிட்டாலும் எடிட்டரில் தெரிவது என்னவோ ஒரே மாதிரி ஒரு செந்நிற வரி: தொடங்க முடியவில்லை.

ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு அந்தச் சிவப்பு வரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. இது எனக்குப் பழக்கமான விஷயம். தீபாவளி நேரத்தில் கேம்பல் லேனிலிருந்து நேரலை செய்யும்போது சத்தம் வரவில்லை என்றால் என்ன செய்வோம்? எல்லாவற்றையும் அணைத்துப் போட மாட்டோம். ஒலிவாங்கியில் விரலால் தட்டுவோம், கலவைக் கருவியில் ஊசி ஆடுகிறதா? ஆடினால் அதுவரை சரி. அடுத்த கம்பி. அதற்கடுத்த பெட்டி. சத்தம் எந்த இடம்வரை உயிரோடு வந்தது என்று ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டே போவோம். நானோ இங்கே ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் அந்த வரியை ஒட்டி, அது சொன்ன ஒன்பது காரணங்களையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எது எதைக் கெடுத்தது என்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சில்லு முனையிலிருந்து தொடங்கினேன். பலகையில் விளக்கு எரிந்தது. ஆனால் கணினியின் யுஎஸ்பி பட்டியலில் அப்படி ஒரு பொருளே இல்லை. பலகையோடு சிம் லிம் டவர் அங்கிளிடம் போனேன். அவர் பலகையைப் பார்க்கவே இல்லை. என் கம்பியைக் கையில் வாங்கி, "இது சார்ஜ் மட்டும்தான் லா" என்றார். யுஎஸ்பி கம்பிக்குள் மின்சாரத்துக்கு இரண்டும் தகவலுக்கு இரண்டும் கம்பிகள் வேண்டும். மலிவு விலைக் கம்பிகள் சிலவற்றில் தகவல் கம்பியே கிடையாது. விளக்கு எரியும், பேச்சு இருக்காது. மூன்று வாரத்தில் இரண்டு வாரம் அந்தக் கம்பிக்குப் போயிற்று. நான்கு வெள்ளி.

அடுத்தவை வேகமாக விழுந்தன. ஜிடிபி என் கணினியில் இருந்தது, ஆனால் நீட்சி வேறு இடத்தில் தேடிக்கொண்டிருந்தது. அமைப்புக் கோப்பில் முகவரியைக் கொடுத்ததும் கண்டுகொண்டது. பிறகு ஓப்பன்ஓசிடி, சோதனைக் கருவியைத் திறக்க முடியவில்லை என்றது. முந்தைய முயற்சியில் செத்துப்போனதாக நான் நினைத்த இன்னொரு ஓப்பன்ஓசிடி பின்னணியில் உயிரோடு இருந்து கருவியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை முடித்துவைத்தேன். அப்புறம் சில்லு தூங்கிவிட்டது என்று தெரிந்தது. ஒரு மாதிரி நிரலிலிருந்து நான் எடுத்துப் போட்ட பகுதியில், மின்சாரம் மிச்சப்படுத்தச் சில்லை ஆழ்ந்த தூக்கத்தில் போடும் வரி இருந்தது. தூங்கும் சில்லு டீபக்கர் கூப்பிட்டால் எழுந்திருக்காது. அதை மறுதொடக்க நிலையில் பிடித்துவைத்தே இணைக்கும்படி ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டு உள்ளே நுழைந்து, தூங்கவைக்கும் வரியையே எடுத்துவிட்டேன். வீட்டு மின்சாரத்தில் ஓடும் பொருளுக்கு என்ன சிக்கனம்?

எல்லாம் சரியானதும் நான் வைத்த சிவப்புப் புள்ளிகள் சாம்பல் நிற வளையங்களாக மாறின. அந்த இடத்தில் நிறுத்த முடியாது என்று அர்த்தம். இதில்தான் அதிகம் கோபம் வந்தது. நான் முழு வேலையையும் 'கதவு' என்ற கோப்புறையிலிருந்து 'கதவு2' என்பதற்கு நகல் எடுத்திருந்தேன். டீபக்கருக்கான குறிப்பில் மட்டும் பழைய முகவரி அப்படியே இருந்தது. பலகையில் ஓடியது புதிய நிரல், டீபக்கர் கையில் வைத்துக்கொண்டு பார்த்தது பழைய நிரலின் வரைபடம். இடிந்துபோன தெருவின் பெயரைச் சொல்லி டாக்சிக்காரரிடம் வழி கேட்பது போல.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு புள்ளிகள் சிவப்பாயின. சில்லு நான் சொன்ன இடத்தில் நின்றது. அந்தச் சனிக்கிழமை மாலை கருவியைக் கதவில் பொருத்தினேன். மாலை ஏழு மணிச் செய்தி தொடங்கும் நொடியில் பலகையில் உள்ள நீலப் பொத்தானை அழுத்தினால் அதன் கடிகாரம் ஏழுக்கு வரும். அப்படி எழுதியிருந்தேன். மின்சாரம் போனால் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விடும் என்று தெரியும். ஆனால் சிங்கப்பூரில் மின்சாரம் எப்போது போகிறது?

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நானே கதவைத் திறந்தேன். என் குரல் வந்தது. அம்மா அறையிலிருந்து, "யாருடி அது, உன்னை மாதிரியே பேசுறா?" என்றார்.

புதன்கிழமை காலை அம்மா மறுபடியும் பஸ் ஸ்டாப்பில் இருந்தார்.

கதவு பேசவில்லை. அன்று மத்தியானம் 12:40க்கு நான் சாப்பாட்டோடு வந்து கதவைத் திறந்தேன். "அம்மா, இன்னிக்கு கம்பெனி லீவு" என்று கதவு எனக்குச் சொன்னது.

எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. மாக்சிக் பைகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

டீபக்கரில் இணைத்துப் பார்த்தால் குறையே இல்லை. மாலையில் பொத்தானை அழுத்தி, மடிக்கணினியோடு இரவு முழுக்க விட்டுவைத்தேன். காலையில் ஒழுங்காகப் பேசியது. மடிக்கணினியை எடுத்துவிட்டால் கெட்டுப்போகிறது. பார்த்துக்கொண்டிருந்தால் ஒழுங்காக இருக்கும் பிள்ளை மாதிரி. இரண்டு விஷயம் எனக்குப் புரியச் சில நாள் ஆயிற்று. ஒன்று, நான் ஒவ்வொரு முறையும் டீபக்கரைத் தொடங்கும்போது அது நிரலை முதலிலிருந்து ஓடவைக்கிறது. தடயத்தை அழித்துவிட்டுத் துப்பறிகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் நிரலைத் தொந்தரவு செய்யாமல் போய் ஒட்டிக்கொள்ளும் இன்னொரு முறையும் இருக்கிறது. குறிப்புக் கோப்பில் 'லாஞ்ச்' என்பதை 'அட்டாச்' என்று மாற்ற வேண்டும், தொடக்கக் கட்டளைகளில் மறுதொடக்கம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு, யுஎஸ்பியை மாற்றிச் செருகினாலே மின்சாரம் ஒரு கணம் போய்விடும். இதற்கும் வழி அங்கிளே காட்டினார். பலகையில் ஒரு ஜம்பரை இடம் மாற்றிவைத்து, வேறொரு முனை வழியாகச் சுவரிலிருந்து மின்சாரம் கொடுக்கலாம். யுஎஸ்பி வெறும் பேச்சுக்கு மட்டும்.

மறுநாள் மத்தியானமும் கதவு எனக்கு லீவு சொன்னது. சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, மடிக்கணினியை மெதுவாகச் செருகி, அட்டாச் செய்து, சில்லை நிறுத்தினேன். கதவு திறந்த நேரம் எழுதிவைக்கப்பட்டிருக்கும் பெட்டியைப் பார்த்தேன். 8:38. என் கைக்கடிகாரத்தின்படி நான் கதவைத் திறந்தது 12:38.

சரியாக நான்கு மணி நேரம் வித்தியாசம். அப்படியென்றால் அதற்குப் பூஜ்யம் மணி என்பது நமக்கு விடியற்காலை நான்கு. நான்கு மணிக்கு இந்த வீட்டில் நடப்பது ஒன்றே ஒன்றுதான். நான் எழுந்து, தூக்கக் கலக்கத்தில் சமையலறைச் சுவரில் சுவிட்சைத் தட்டி, கெட்டிலில் தண்ணீர் சுடவைப்பேன். கெட்டிலும் கதவுக் கருவியும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகியிருந்தன. நான் சுவிட்சைத் தட்டிப் போடுகிறேன் என்றால், அதை யார் அணைத்தது?

அன்றிரவு ஒன்பதரைக்கு ஹாலில் உட்கார்ந்து கவனித்தேன். அம்மா படுக்கப் போகும்முன் வீட்டைச் சுற்றி வந்தார். தொலைக்காட்சி, மின்விசிறி, சமையலறை. ஒவ்வொரு பிளக் சுவிட்சாகத் தட்டி அணைத்தார். கைகள் தடுமாறவே இல்லை. நான் பிறந்ததிலிருந்து இதைத் தினமும் பார்க்கிறேன். பார்த்துப் பார்த்தே பார்க்காமல் போய்விட்டது.

"ஏம்மா அணைக்கிறீங்க?"

"ராத்திரி முழுக்க ஓடுனா பில்லு யாரு கட்டுவா?"

சாப்பிட்டோமா என்பது அம்மாவுக்குச் சில நாள் நினைவிருப்பதில்லை. இது மட்டும் போகவில்லை. மடிக்கணினியோடு இருந்த இரவுகளில் மட்டும் கருவி பிழைத்ததற்கும் காரணம் கிடைத்தது. சுவரில் அணைந்தாலும் மடிக்கணினியின் மின்கலம் ஊட்டிக்கொண்டிருந்தது. நோய் இருக்கிறதா என்று பார்க்கப் போன ஆளே நோயாளியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் மகனிடம் சொன்னேன். அவன் விளையாட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "பிரிட்ஜ் பிளக்ல போடுங்க அத்தை. பாட்டி அத அணைக்க மாட்டாங்க" என்றான். உண்மைதான். அன்றே மாற்றினேன்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. இந்தச் சில்லின் கடிகாரத்துக்கென்று தனியாக ஒரு பொத்தான் மின்கலம் கொடுக்கலாம். அதற்குப் பலகையில் அரிசி நொய்யைவிடச் சின்னதாக ஓர் இணைப்பை ஈயம் உருக்கி எடுக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் பூதக்கண்ணாடியும் சால்டரிங் அயர்னுமாக உட்கார்ந்தேன். இடுக்கி பிடித்த கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அம்மா பக்கத்தில் வந்து நின்றார். சற்று நேரம் பார்த்தார். இடுக்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

எஸ்ஜிஎஸ் என்ற இத்தாலிய நிறுவனம் 1969ல் தோ பாயோவில் சில்லுத் தொழிற்சாலை தொடங்கியது. அம்மா அங்கேதான் வேலை பார்த்தார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் இணைக்கும் வேலை. காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் 6:15க்கு வரும். 1987ல் பிரெஞ்சு நிறுவனமான தாம்சனின் சில்லுப் பிரிவோடு அது இணைந்தது. 1998ல் பெயர் எஸ்டிமைக்ரோஎலெக்ட்ரானிக்ஸ் ஆனது. என் பலகையில் உள்ள சில்லின்மேல் இருக்கும் எஸ்டி அந்த எஸ்டிதான். வாங்கும்போது எனக்கு இது உறைக்கவே இல்லை.

"நான் சூடு வைக்கிறேன், நீங்க எடுங்க" என்றேன். நான் அயர்னை வைத்து மூன்று எண்ணுவதற்குள் அந்தத் துணுக்கு இடுக்கி நுனியில் இருந்தது. அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல கம்பி எங்கடி?" என்றார். உள்ளே இருக்கும், மூடியிருக்கும் என்றேன். "மூடுறதுக்கு முன்னாடிதான் எங்ககிட்ட வரும்" என்றார். பிறகு, தன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த இருவரின் பெயர்களைச் சொன்னார். நான் கேட்டிராத பெயர்கள்.

மின்கலம் போட்ட பிறகும் கடிகாரம் ஒரு முறை பூஜ்யமானது. தயார்நிலையில் கிடைக்கும் தொடக்க நிரல் ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் நேரத்தைப் பூஜ்யமாக எழுதிவிடுகிறது. மின்கலத்தால் காக்கப்படும் நினைவகத்தில் ஓர் அடையாள எண்ணை வைத்து, அது இருந்தால் நேரத்தைத் தொடாதே என்று இரண்டு வரி சேர்த்தேன். இந்த முறை டீபக்கர் பத்து நிமிடத்தில் காட்டிக்கொடுத்தது.

கருவி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நான் விடவில்லை. தேக்கா அண்ணனின் எண், எம்ஆர்டி நிலையத்தில் சொல்லிவைத்தது, அம்மாவின் பையில் என் எண் எழுதிய அட்டை எல்லாம் அப்படியேதான். செப்டம்பரிலிருந்து காலை நிகழ்ச்சியை விட்டு மாலைக்கு மாறக் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

கதவு திறந்து மூடும் நேரங்களைச் சில்லு இப்போது குறித்துவைக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மடிக்கணினியைச் செருகி, அட்டாச் செய்து, அந்தப் பட்டியலைப் படிப்பேன். போன வாரம் நான்கு நாள் ஒன்றுமில்லை. வியாழன் 6:02, திறந்து ஒன்பது வினாடியில் மூடியிருக்கிறது. வெள்ளி 5:51. அன்று ஒரு நிமிடம் நாற்பது வினாடி திறந்திருக்கிறது. அவ்வளவு நேரம் அம்மா வாசலில் என்ன செய்தார் என்று மாக்சிக்கிடம் கேட்டேன். அன்றைக்குச் சத்தம் கேட்டு அவர் எட்டிப் பார்த்தாராம். அம்மா வாசலில் நின்று கதவோடு பேசிக்கொண்டிருந்தாராம், சாப்பாடு எதுவும் வாங்க வேண்டாம், வீட்டிலேயே ரசம் வைக்கிறேன் என்று.